மாத்திரை முடிந்த பின்னும் போகாத வைரஸ்

ருவாண்டாவின் கிகாலி நகரில் 2017இல் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் 300 பேருக்கு, சோஃபோஸ்புவிரும் லெடிபாஸ்விரும் சேர்ந்த மாத்திரையை நாளுக்கு ஒன்றாக 12 வாரம் கொடுத்தார்கள். அமெரிக்க, ஐரோப்பியச் சோதனைகளில் நூற்றுக்கு 95 பேரைக் குணப்படுத்திப் பெயர் வாங்கிய மாத்திரை அது. கிகாலியில் குணமானவர்கள் 87 சதவீதம். வைரஸின் மரபு வரிசையைப் படித்துத் துணைவகை வாரியாகப் பிரித்தபோதுதான் விஷயம் துலங்கியது. 4ஆர் என்ற துணைவகை இல்லாதவர்களில் 93 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். 4ஆர் இருந்தவர்களில் 56 சதவீதம் பேர்தான். அவர்கள் அதற்கு முன் இந்த மருந்துகளைத் தொட்டதுகூட இல்லை. லெடிபாஸ்விருக்கு எளிதில் அடங்காத அமைப்பு அந்த வைரஸிடம் இயற்கையாகவே இருந்தது.

மருந்துக்கு அடங்காத கிருமி என்றதும் காசநோயும் ஆன்டிபயாட்டிக்கும் நினைவுக்கு வருகின்றன. மருந்தைப் பாதியில் விட்டார், கிருமி பழகிக்கொண்டது, தவறு நோயாளியுடையது என்று அந்தக் கதை போகும். ஹெபடைடிஸ் சி-க்கு அதை அப்படியே பொருத்தினால் பலருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். இங்கே சிகிச்சையின் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் எந்தத் துணைவகை தொற்றியது, ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, கைக்குக் கிடைத்த மருந்து எவ்வளவு வலுவானது என்பவைதான். முதலிரண்டும் நோயாளி தேர்ந்தெடுத்தவை அல்ல. மூன்றாவதை அரசுகளும் மருந்து நிறுவனங்களும் தேர்ந்தெடுக்கின்றன.

இந்த நோயில் தோல்வி என்று எதைச் சொல்கிறோம்? மருந்தை முடித்து 12 வாரம் கழித்தும் இரத்தத்தில் வைரஸ் தென்படாவிட்டால் குணம் என்று கணக்கு. சிலருக்கு மருந்து சாப்பிடும்போதே இறங்கிய வைரஸ் திரும்ப ஏறும். இன்றைய மாத்திரைகளில் அது அரிது. பெரும்பாலான தோல்விகள் மருந்தை நிறுத்திய சில வாரங்களில் வைரஸ் மீண்டும் தலைகாட்டும் வகையைச் சேர்ந்தவை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குணமானவருக்கே மறுபடி புதிதாகத் தொற்றக்கூடும். ஊசிவழி போதைப்பொருள் எடுப்பவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம். வந்திருப்பது பழைய வைரஸா, புதியதா என்பதைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த மரபு வரிசைகளை ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். முன்னே எடுத்த இரத்தம் சேமிக்கப்பட்டிருக்காவிட்டால் அது வெறும் ஊகம்.

வைரஸுக்குப் பெயர்கூட இல்லாத காலத்திலேயே சிகிச்சை தொடங்கிவிட்டது. ஏ-யும் இல்லாத பி-யும் இல்லாத ஈரல் அழற்சி என்று மட்டும் அறியப்பட்ட நோய்க்கு, ஜே ஹூஃப்நாகலும் சகாக்களும் ஒரு சிறு குழுவுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்துப் பார்த்து, முடிவை 1986இல் வெளியிட்டார்கள். 1989இல்தான் வைரஸ் இன்னதென்று தெரிந்தது. அந்தக் கண்டுபிடிப்பு வரிசையில் ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்டர்ஃபெரானோடு ரிபாவிரினைச் சேர்த்து, பிறகு நீடித்து வேலைசெய்யும் பெக்இன்டர்ஃபெரானும் வந்த பிறகுகூட, வைரஸின் முதல் மரபணு வகை உள்ளவர்களில் 48 வாரம் ஊசி போட்டும் பாதிப் பேர் குணமாகவில்லை. காய்ச்சல், இரத்தசோகை, தற்கொலை எண்ணம்வரை போகும் மனச்சோர்வு எல்லாவற்றையும் தாங்கியபின் கிடைத்த விடை அது. வைரஸின் மருந்து எதிர்ப்பு இங்கே முக்கியமான காரணம் இல்லை. இன்டர்ஃபெரான் உடலின் பாதுகாப்பைத் தூண்டிவிடும் மருந்து. தூண்டுதலுக்கு உடல் எவ்வளவு இசைகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். 19ஆம் குரோமோசோமில் ஐ.எல்.28பி மரபணுவின் அருகே இருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு அதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2009இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் கண்டறிந்தன.

வைரஸையே நேராகத் தாக்கும் மருந்துகள் வந்த பிறகுதான் எதிர்ப்பு என்ற பேச்சு வந்தது. அதைப் புரிந்துகொள்ள வைரஸின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாள்பட்ட தொற்று உள்ள ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி வைரஸ்கள் உற்பத்தியாகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ இழை. அதைப் பிரதி எடுக்கும் பாலிமரேஸ் நொதிக்குப் பிழை திருத்தும் வேலை தெரியாது. பத்தாயிரத்திலிருந்து ஒரு இலட்சம் எழுத்துக்கு ஒன்று வீதம் தவறு விழும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஓர் எழுத்து மட்டும் மாறிய வைரஸ்களில் சாத்தியமான எல்லா வகையும் ஒவ்வொரு நாளும் பிறக்கின்றன. இரண்டு எழுத்து மாறியவையும் அப்படியே. முதல் மாத்திரை வாய்க்குள் போகுமுன்பே அதற்கு அடங்காத வைரஸ் உள்ளே இருக்கிறது. பெரும்பாலானவை நோஞ்சான்கள், மருந்தில்லாத உடலில் வலுவான உறவினர்களோடு போட்டிபோட முடியாமல் சிறுபான்மையாகக் கிடக்கும். மருந்து வந்து பெரும்பான்மையை அழிக்கும்போது மிச்சமிருக்கும் இடம் அவற்றுக்குக் கிடைக்கிறது.

இவ்வளவு வேகமாக மாறும் வைரஸை முற்றிலும் ஒழிக்க முடிவது எப்படி? எச்.ஐ.வி மனிதச் செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே தன் மரபைச் செருகிக்கொள்கிறது. ஹெபடைடிஸ் பி ஈரல் செல்லின் கருவுக்குள் வட்டமான டி.என்.ஏ-வாகப் பதுங்குகிறது. ஹெபடைடிஸ் சி-க்கு அப்படி ஒளிந்துகொள்ளும் அறை கிடையாது. செல்லின் சைட்டோபிளாசத்தில் ஆர்.என்.ஏ-வாகவே வாழ்ந்து, தன்னைத் தொடர்ந்து பிரதி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் அது நிலைக்கும். பிரதி எடுப்பதைப் போதிய வாரங்கள் தடுத்துவிட்டால் வம்சம் அறுந்துபோகும். நாள்பட்ட வைரஸ் நோய்களில் மாத்திரையால் ஒழிக்கக்கூடியதாக இது ஒன்று அமைந்ததற்குக் காரணம் இதுதான். எட்டு அல்லது பன்னிரண்டு வாரத்துக்குள் எதிர்ப்பு வைரஸ் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் முழு வேலை.

முதலில் குறிவைக்கப்பட்டது என்.எஸ்.3 புரோட்டியேஸ். வைரஸின் நீண்ட புரதத்தைத் துண்டுகளாக வெட்டித்தரும் நொதி அது. டெலாபிரெவிர், போசெபிரெவிர் இரண்டும் 2011 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அதற்கு முந்தைய சோதனைகளில் டெலாபிரெவிரைத் தனியாக இரண்டு வாரம் கொடுத்தபோது, வைரஸின் அளவு முதல் இரண்டு மூன்று நாட்களில் சரசரவென இறங்கியது. சிலருக்கு அந்த இரண்டு வாரம் முடிவதற்குள்ளேயே திரும்ப ஏறியது. ஏறிய வைரஸை வரிசைப்படுத்தினால் 36, 54, 155, 156 ஆகிய இடங்களில் அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. இவற்றில் 155ஆம் இடம் தனியாகக் கவனிக்க வேண்டியது. அங்கே ஆர்ஜினின் போய் லைசின் வந்தால் மருந்து பலிக்காது. 1ஏ துணைவகையில் அந்த மாற்றத்துக்கு மரபில் ஓர் எழுத்து மாறினால் போதும். 1பி-யில் இரண்டு எழுத்துகள் ஒருசேர மாற வேண்டும். அதனால் அந்த மாற்றம் 1ஏ-யில் எளிதாகத் தோன்றியது, 1பி-யில் அபூர்வமாக. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே ஒழுங்கோடு சாப்பிட்ட இரண்டு நோயாளிகளில் ஒருவருக்கு வாய்ப்பு குறைவாகவும் மற்றவருக்குக் கூடுதலாகவும் இருந்ததற்கு அந்த ஒற்றை எழுத்து ஒரு காரணம்.

பின்னர் வந்த சிமெபிரெவிரும் இதே பாடத்தைச் சொன்னது. 1ஏ வைரஸ்களில், குறிப்பாக வட அமெரிக்காவில், 80ஆம் இடத்தில் இயற்கையாகவே ஒரு மாற்றம் பரவலாக இருக்கிறது. அது உள்ளவர்களுக்கு இன்டர்ஃபெரானோடு சிமெபிரெவிரைச் சேர்த்தும் பெரிய பலன் இல்லை. மருந்தைத் தொடங்குமுன் அந்த மாற்றத்துக்குச் சோதிக்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிந்துரைத்தது.

அடுத்த இலக்கு என்.எஸ்.5ஏ. இது நொதிகூட இல்லை. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும் கூடத்தைக் கட்டவும் புதிய வைரஸைக் கோக்கவும் உதவும் புரதம். 2010இல் மின் காவோவும் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் விஞ்ஞானிகளும் வெளியிட்ட டாக்ளடாஸ்விரின் வீச்சு மருந்துலகத்தை வியக்கவைத்தது. ஒரே ஒரு வேளை மாத்திரை 24 மணி நேரத்தில் வைரஸை ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்காக்கியது. ஆனால் இந்த வகை மருந்துகள் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு எளிதில் வைரஸ் அவற்றிடமிருந்து தப்பிவிடும். 93ஆம் இடத்தில் டைரோசின் போய் ஹிஸ்டிடின் வந்தால், 1ஏ-யிலும் 3ஏ-யிலும் டாக்ளடாஸ்விரின் வலு ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். 1பி-யில் அதே மாற்றத்தால் ஏற்படும் இழப்பு பல மடங்கு சிறியது. இன்னொரு கேடு, இந்த மாற்றம் வைரஸை நோஞ்சானாக்குவதில்லை. புரோட்டியேஸ் மருந்துகளுக்கு எதிராக எழுந்த மாற்றங்கள் மருந்தை நிறுத்திய மாதங்களில் மங்கிப்போகின்றன. என்.எஸ்.5ஏ மாற்றங்கள் இரண்டு ஆண்டு கழித்தும் பெரும்பாலானோரிடம் அப்படியே இருக்கின்றன. ஒருமுறை தோற்றவர் மறுபடி சிகிச்சைக்கு வரும்போது அவரோடு அந்த எதிர்ப்பும் வருகிறது. அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றினால் அதுவும் சேர்ந்துதான் தொற்றும்.

சோஃபோஸ்புவிரின் குணம் இதற்கு நேர்மாறு. பாலிமரேஸ் நொதியின் மையத்தில் போலிக் கல்லாகப் போய்ப் பதிந்து இழை நீள்வதை நிறுத்திவிடுகிறது. அந்த மையம் மாறினால் வைரஸே முடங்கும். 282ஆம் இடத்தில் செரின் மாறினால் எதிர்ப்பு வருகிறது என்பது ஆய்வகத்தில் தெரிந்த உண்மை. தோற்றவர்களின் இரத்தத்தில் அதைக் காண்பது மிக அரிது. ஆகவே சோஃபோஸ்புவிரோடு தோற்றவருக்கு மறுபடியும் சோஃபோஸ்புவிரையே கொடுக்கலாம். 2013 டிசம்பரில் அனுமதி பெற்றபோது அமெரிக்காவில் அதன் விலை ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014 செப்டம்பரில் கிலியட் நிறுவனம் இந்திய மருந்து நிறுவனங்கள் ஏழுக்கு உரிமம் தந்த பிறகே இங்கு அது சாதாரண மக்களின் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியது.

எதிர்ப்பு இருந்தால் தோல்வி நிச்சயம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மூன்றாம் மரபணு வகையில் டாக்ளடாஸ்விரையும் சோஃபோஸ்புவிரையும் 12 வாரம் கொடுத்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. முன்பு சிகிச்சை பெறாதவர்களில் 90 சதவீதம் பேர் குணமானார்கள். ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வந்துவிட்டவர்களில் 63 சதவீதம். சிகிச்சைக்கு முன்பே 93ஆம் இட மாற்றம் இருந்தவர்கள் 13 பேர். அவர்களிலும் 7 பேர் குணமானார்கள். ஈரல் நன்றாக இருந்தால் எதிர்ப்பு வைரஸையும் வெல்ல முடிகிறது. தழும்பேறிய ஈரலில் மருந்து சீராகச் சென்று சேர்வதில்லை, உடலின் எதிர்ப்பாற்றலும் தளர்ந்திருக்கிறது. அங்கே அதே மாற்றம் வைரஸுக்குக் கைகொடுத்துவிடுகிறது. டாக்ளடாஸ்விருக்குப் பதிலாக வெல்படாஸ்விர் வந்தபோது மூன்றாம் வகையில் குணமாகும் விகிதம் 95 சதவீதத்தை எட்டியது. அப்போதும் 93ஆம் இட மாற்றம் இருந்தவர்களில் அது 84 சதவீதமாகவே நின்றது.

இந்தியாவில் பெரும்பான்மை மூன்றாம் வகை. அதனால் இந்த எண்கள் நமக்கு நேரடியாகப் பொருந்தும். பஞ்சாப் அரசு 2016 ஜூனில் மாவட்ட மருத்துவமனைகள் வழியாக இலவச மாத்திரை தரத் தொடங்கியது. அத்திட்டத்தின் 48,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வில் 70 சதவீதத்தினர் மூன்றாம் வகை. சிகிச்சையை முடித்துப் பரிசோதனைக்கும் வந்தவர்களில் ஏறத்தாழ 91 சதவீதத்தினர் குணமாகியிருந்தார்கள். சிறப்பு மருத்துவர் இல்லாத இடங்களில் பொது மருத்துவர்களே நடத்திய சிகிச்சை இது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் பெரிய சாதனை. அதைத் தொடர்ந்து 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு சோஃபோஸ்புவிர், டாக்ளடாஸ்விர். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் என்று அது வகுத்தது. இவை எல்லாம் இலவசம். முதல் சிகிச்சைக்கு மரபு வரிசைப் பரிசோதனை எதுவும் தேவையில்லை என்ற நிலைப்பாட்டையும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். அந்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்து நோயாளிகளை இழப்பதைவிட எல்லோருக்கும் உடனே மருந்து தொடங்குவது பல மடங்கு மேல். மேற்கில் எல்பாஸ்விர், கிராசோபிரெவிர் கூட்டு மருந்துக்கு மட்டும் 1ஏ நோயாளிகளிடம் முன்பரிசோதனை கேட்டார்கள், என்.எஸ்.5ஏ மாற்றம் இருந்தவர்களில் 70 சதவீதம், இல்லாதவர்களில் 98 சதவீதம் பேர் குணமாகும் அளவுக்கு வேறுபாடு இருந்ததுதான் காரணம். எல்லா வகைக்கும் பொருந்தும் மருந்துகள் பரவியபின் அந்தத் தேவை பெருமளவு குறைந்துவிட்டது.

நோயாளியிடம் மருத்துவர் கேட்டாக வேண்டிய ஒன்று உண்டு: வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் ஆகியவை ஹெபடைடிஸ் சி மருந்தை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். சேர்த்துக் கொடுக்கவே கூடாது. நம் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’யும் இதில் சேரும். வெல்படாஸ்விரும் லெடிபாஸ்விரும் கரைய வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல், ஒமெபிரசோல் போன்றவை அதைக் குறைத்துவிடுகின்றன. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுவதால் பலர் அதை ஒரு மருந்து என்றே எண்ணுவதில்லை. கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்.

இனி தோற்றவர்களின் நிலை. சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டோடு வாக்சிலாபிரெவிர் என்ற புரோட்டியேஸ் மருந்தையும் சேர்த்த மாத்திரை 2017இல் வந்தது. என்.எஸ்.5ஏ மருந்தில் ஏற்கெனவே தோற்றவர்களில் 96 சதவீதம் பேரை அது 12 வாரத்தில் குணப்படுத்தியது. எதிர்ப்பு மாற்றம் இருந்தவர், இல்லாதவர் என்று பெரிய வித்தியாசம் இல்லை. ருவாண்டாவில் முதல் சிகிச்சையில் தோற்ற 40 பேருக்கு இதே மாத்திரையைக் கொடுத்தார்கள். 39 பேர் குணமானார்கள். அதிலும் பலன் கிட்டாதவர்களுக்கு கிளெகாபிரெவிர், பிப்ரென்டாஸ்விரோடு சோஃபோஸ்புவிர், ரிபாவிரின் சேர்க்கும் வழி உண்டு. முன்பு தோற்ற 23 பேரில் 22 பேர் அதில் தேறினார்கள். அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் 2018இல் வெளியான இந்தியத் திட்டத்தின் வழிகாட்டுதலில் வாக்சிலாபிரெவிர் இல்லை. தோற்றவர்களைப் பெரிய மையங்களுக்கு அனுப்பச் சொன்னது. அங்கேயும் பட்டியலில் உள்ள மருந்துகளை வைத்தே சமாளித்தாக வேண்டும் என்றால், மிஞ்சுவது சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விரோடு ரிபாவிரினைச் சேர்த்து 24 வாரம் நீட்டுவது. முன்பு தோற்றவர்களிடம் இந்த வழி சோதிக்கப்பட்டபோது மொத்தத்தில் 91 சதவீதம் பேர் குணமானார்கள். மூன்றாம் வகையில் மட்டும் 78 சதவீதம். நம் நாட்டின் பெரும்பான்மை வகைக்கு மிகக் குறைவாகப் பலன் தரும் வழியே நமக்குக் கைவசம் இருப்பது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை.

வயிற்றில் நீர் கோத்து ஈரல் கைவிட்ட நிலைக்குப் போனவர்களின் பாடு இன்னும் கடினம். புரோட்டியேஸ் மருந்துகளை அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. அதனால் மேலே சொன்ன இரண்டு மீட்பு மருந்துகளும் அவர்களுக்கு இல்லை. இவர்களுக்கு முதல் சிகிச்சையைச் சரியாகக் கொடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் ஆய்வு காட்டியது. மூன்றாம் வகையில் வெல்படாஸ்விர் கூட்டு மருந்தை ரிபாவிரின் இல்லாமல் 12 வாரம் கொடுத்தபோது பாதிப் பேர் குணமானார்கள். 24 வாரமாக நீட்டியும் பாதிதான். ரிபாவிரினைச் சேர்த்த 12 வாரத்தில் 85 சதவீதம். இரத்தசோகை வருகிறதே என்று ரிபாவிரினை எளிதாகத் தள்ளிவிடும் பழக்கத்துக்கு இந்த எண்களைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

துணைவகைகளைப் பற்றிய அறியாமை இதைவிடப் பெரிய இடைவெளி. புதிய மருந்துகளின் பெரிய சோதனைகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவலாக உள்ள வகைகளை வைத்து நடந்தன. 4ஆர் அங்கே அபூர்வம், கிகாலியில் சகஜம். 3பி துணைவகையில் என்.எஸ்.5ஏ-யின் 30, 31ஆம் இடங்களில் இரண்டு மாற்றங்கள் பிறவியிலேயே சேர்ந்து வருகின்றன. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் நடந்த ஆய்வில் வெல்படாஸ்விர் கூட்டு மருந்து 3பி நோயாளிகளில் 76 சதவீதம் பேரையும், அவர்களிலேயே சிரோசிஸ் இருந்தவர்களில் பாதிப் பேரையும் மட்டுமே குணப்படுத்தியது. எட்டாவது மரபணு வகை ஒன்று இருப்பதே 2018இல்தான் தெரியவந்தது. கனடாவில் குடியேறிய பஞ்சாப்காரர்கள் நான்கு பேரின் இரத்தத்தில் அது கிடைத்தது. பஞ்சாபில் எத்தனையோ ஆண்டுகளாக இருந்திருக்கக்கூடிய வைரஸைக் கனடாவில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக அந்த நால்வரும் குணமானார்கள்.

உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2022இல் இந்தியாவில் ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் 55 இலட்சம் பேர். அத்தனை பேருக்கும் மருந்து கிடைத்து, நூற்றுக்கு 95 பேர் குணமானாலும் மிஞ்சுபவர்கள் 2,75,000 பேர். என்.எஸ்.5ஏ எதிர்ப்பைச் சுமந்தவர்கள் அவர்களில் கணிசமாக இருப்பார்கள். சிரோசிஸ் உள்ளவர்களும் அவர்களில்தான் அதிகம். ஈரல் புற்றுநோய் முதலில் வருவது அவர்களுக்கே. வாக்சிலாபிரெவிருக்கும் உள்நாட்டு உற்பத்திக்கு உரிமம் உண்டு. அதைத் தேசியத் திட்டம் மொத்தமாக வாங்கினால் விலை எப்படி இறங்கும் என்பதை சோஃபோஸ்புவிரின் அனுபவம் காட்டியிருக்கிறது. பெரிய மையங்கள் சிலவற்றிலாவது தோற்றவர்களின் வைரஸை வரிசைப்படுத்தும் வசதி வேண்டும். கிடைக்கும் தகவல் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

மாத்திரையை முடித்துவிட்டு 12 வாரம் கழித்த பரிசோதனைக்கு வராதவர்கள் இந்தக் கணக்கு எதிலும் இல்லை. பலருக்கு உடம்பு தேறிவிட்டது போலிருக்கும். கூலி இழந்து மாவட்டத் தலைநகருக்கு மறுபடி போகத் தோன்றாது. அவர்களைத் தேடிப் போக ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்கு ஒரு பட்டியலும் பயணப்படியும் தந்தால் போதும். சிகிச்சை அட்டையில் எந்த மருந்து, எத்தனை வாரம், எந்த மரபணு வகை, சிரோசிஸ் உண்டா இல்லையா என்ற நான்கையும் எழுதி நோயாளியின் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். வைரஸ் திரும்பி வந்தால், அடுத்த மருத்துவர் எந்த மருந்தைத் தேர்வது என்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.